வீடு திரும்பிய படைவீரர்: சிங்கப்பூர்த் தமிழர் நினைவில் எழுதப்படாத பகுதி

போரில் மாண்டவரைப் போற்றுவதற்குத் தமிழ் மரபு வகுத்துவைத்துள்ள முறைகள் பலவாகவும் நுட்பமானவையாகவும் இருக்க, போரிலிருந்து உயிரோடு மீண்டு, மணம் முடித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, முதுமையில் நோயுற்று மறைந்தவரைப் படைவீரராகவும் குடும்பத் தலைவராகவும் ஒருசேர நினைவுகூர்வதற்கு அம்மரபில் உள்ள இடம் மிகச் சிறியது. சிங்கப்பூர்த் தமிழரின் கடந்த 80 ஆண்டுக் கால வாழ்வில் இந்த இடைவெளி ஒரு வரலாற்றுக் குறையாகவே வளர்ந்துவிட்டது. அக்குறை எவ்வாறு நேர்ந்தது என்பதையும், படைவீரர் ஒருவரின் வாழ்வுக்கான சான்றுகளைப் படை ஆவணங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் அவர் குடியிருந்த வீட்டிலும் தேட வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதையும் ஆராய்வது இவ்வுரையின் நோக்கமாகும்.

வீரர் நினைவின் மிகப் பழைய தமிழ் வடிவம் நடுகல். ஆநிரை கவர்தலிலோ அதனை மீட்டலிலோ வீழ்ந்த மறவனின் பெயரையும் செயலையும் பொறித்து, ஊரார் நிறுத்தி வழிபட்ட கல் அப்பெயரால் குறிக்கப்படுகிறது. அத்தகைய கல்லை மலையில் தேர்ந்து காண்பது தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரையிலான சடங்குகளைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களும், திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் செறிந்துள்ள பல்லவர் கால நடுகற்களும் இம்மரபு எத்தனை நூற்றாண்டுகள் உயிரோடிருந்தது என்பதற்குச் சான்று பகர்கின்றன. செங்கம் கற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் ஆகிய செய்திகள் ஒழுங்காக இடம்பெறுகின்றன. அவனுக்கு மக்கள் எத்தனை பேர், அவன் இறந்தபின் அக்குடும்பத்தின் ஏரை ஓட்டியவர் யார் என்பவற்றைக் கல் பேசுவதில்லை. கல்லில் இடம் குறைவு என்று சமாதானம் சொல்லலாம். இடம் தாராளமாக உள்ள செய்யுளிலும் ஏறத்தாழ இதே நிலைதான்.

செய்யுள் மரபு வீட்டை முற்றிலும் மறந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. முல்லைத் திணை, வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தில் திரும்பி வருவான் என்று ஆற்றியிருக்கும் தலைவியைப் பாடுகிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் பாசறையில் உறக்கமின்றிக் கிடக்கும் அரசன், புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் நினைத்து வருந்துகிறான். நக்கீரரின் நெடுநல்வாடையில் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் அரசன் காயம்பட்டோரை நேரில் கண்டு தேற்றுகிறான். புறத்துறைகளுள் ஒன்றாகிய தொடாக்காஞ்சி, விழுப்புண் பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்து நிற்பதைக் கூறுவது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்றின் 281-ஆம் பாடல் இத்துறைக்கு உரியது. வேம்பையும் இரவ மரத் தழையையும் மனையில் செருகிக் காவல் செய்யும் அப்பாடலின் பெண், போர்க்களத்தின் தொடர்ச்சி வீட்டுக்குள் நடப்பதை அறிந்தவள். ஆயினும் முல்லை தலைவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுகிறது. தொடாக்காஞ்சி புண் ஆறும்வரைகூடக் காத்திருப்பதில்லை. அதற்கப்பால் நாற்பது ஆண்டுகள் அவன் எவ்வாறு வாழ்ந்தான் என்று கேட்கும் துறை ஒன்று இலக்கணத்தில் வகுக்கப்படவில்லை. வேந்தரின் பரிசிலை நம்பி வாழ்ந்த புலவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

இந்த இலக்கணக் குறை ஆங் மோ கியோ போன்ற ஒரு நகரில் நடைமுறைச் சிக்கலாக உருவெடுக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஏழாவது புதுநகராக 1973-இல் கட்டத் தொடங்கப்பெற்ற ஆங் மோ கியோ, கம்பங்களிலும் பழைய குடியிருப்பு வரிசைகளிலும் சிதறி வாழ்ந்த குடும்பங்களை அடுக்குமாடிகளில் ஒன்றுசேர்த்தது. அக்காலத்தில் இங்குக் குடியேறிய தலைமுறையினர், ஜப்பானியர் ஆட்சியையும் பிரிட்டிஷ் தளங்கள் மூடப்பட்டதையும் கட்டாயத் தேசிய சேவையின் தொடக்கத்தையும் ஒரே ஆயுளில் கண்டவர்கள். அத்தலைமுறையில் ஒருவர் மறையும்போது புளோக்கின் கீழ்த்தளத்தில் உறவினர் கூடுகின்றனர். உடல் மண்டாய்த் தகனச் சாலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. தமிழ் முரசில் படத்தோடு அஞ்சலி அறிவிப்பு வெளியாகிறது. அந்த அறிவிப்பில் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் நிறைந்திருக்க, அவர் படையில் இருந்த செய்தி பெரும்பாலும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது அல்லது விடுபட்டுப்போகிறது. நடுகல்லில் குடும்பம் விடுபட்டது. நாளிதழ் அஞ்சலியில் படை விடுபடுகிறது.

சிங்கப்பூர்த் தமிழரின் படை வரலாற்றில் இவ்விடுபடல் மிகக் கூர்மையாகத் தென்படுவது இந்திய தேசிய இராணுவத்தின் முன்னாள் வீரர்களிடத்தில்தான். ஐ.என்.ஏ. என்று பரவலாக வழங்கும் இப்படை தோன்றிய களம் தேக்கா வட்டாரத்தை ஒட்டியே அமைந்திருந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாளாகிய 1942 பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 45,000 போர்க்கைதிகள் ஃபேரர் பார்க் திடலில் ஒன்றுதிரட்டப்பட்டு, ஜப்பானிய அதிகாரி மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கிருந்தே கேப்டன் மோகன் சிங் தலைமையில் முதலாவது ஐ.என்.ஏ. உருவாயிற்று. ஜப்பானியரோடு நேர்ந்த பிணக்கால் அவ்வாண்டு டிசம்பரில் அது கலைக்கப்பட்டது. சேர மறுத்த கைதிகளில் பலர் நியூ கினி, நியூ பிரிட்டன் ஆகிய தீவுகளுக்கு உழைப்புப் பணிக்கு அனுப்பப்பட்டுப் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அவர்களுடைய உறுதியும் படைவீரர் பண்பே என்பதை ஐ.என்.ஏ.வைப் போற்றுவோர் பல நேரங்களில் நினைவில் கொள்வதில்லை.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து, கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்றபின், கலைக்கப்பட்ட படை மீண்டும் திரட்டப்பட்டு, அதன் தன்மையே மாறியது. போர்க்கைதிகளைக் கொண்டு தொடங்கிய அப்படையில் இப்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த பொதுமக்கள் பல்லாயிரவர் சேர்ந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் தமிழர், அத்தமிழரிலும் பெரும்பகுதியினர் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர். கங்காணி முறையில், அதாவது தோட்டத்தின் சார்பில் ஊரிலிருந்து ஆள் திரட்டி அழைத்துவந்து மேற்பார்வை செய்யும் தலைவனின் கீழ், அடங்கி நடந்து பழகியவர்களின் கையில் துப்பாக்கி தரப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படைப்பிரிவின் முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டபோது, அதன் தலைமையை ஏற்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதனின் கீழ் பயிற்சி பெற்ற பெண்களிலும் கணிசமானோர் தோட்டங்களிலிருந்து வந்தவர்களே.

இவர்கள் சேர்ந்ததற்கான காரணங்களைத் தேசப்பற்று என்னும் ஒரே சொல்லில் அடக்குவது எளிது. அது முழு உண்மையாகாது. ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் கூலி இல்லாமற் போயிற்று, அரிசி கிடைப்பது அரிதாயிற்று, உடல் வலுவுள்ள ஆண்கள் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்டனர். மரண இரயில் பாதை என்று பின்னர் பெயர்பெற்ற அவ்வழியில் மாண்ட ஆசியத் தொழிலாளரில் தமிழர் மிகப் பலர். படையில் சேர்ந்தவருக்கு உணவும் உடையும் கிடைத்தன. இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படும் அச்சம் நீங்கியது. ஆகவே ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் ஐ.என்.ஏ.வுக்குச் சென்றதைக் குடும்பத்தைத் துறந்த செயலாக மட்டும் காணாமல், குடும்பத்தைக் காக்க எடுத்த முடிவாகவும் வாசிக்க இடமுண்டு. தேசப்பற்றும் வயிற்றுப்பாடும் ஒரே மனத்தில் இருந்திருக்க முடியாது என்று கருதுவோர், அக்காலத்துத் தோட்டத் தமிழரின் நிலையை அறியாதவரே. பெண்கள் தம் நகைகளைக் கழற்றி லீக்கின் நிதிக்குத் தந்த நிகழ்வுகளும் இதே மனநிலையின் இன்னொரு முகமாகும். அந்நகைகள் அக்குடும்பங்களின் ஒரே சேமிப்பாக இருந்தன.

1944-இல் ஜப்பானியரோடு சேர்ந்து ஐ.என்.ஏ. பங்கேற்ற இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தபின் பிரிட்டிஷார், தம் படையிலிருந்து ஐ.என்.ஏ.வுக்குச் சென்ற முன்னாள் கைதிகளை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று வகையாகப் பிரித்தனர். கறுப்பு எனக் குறிக்கப்பட்டோர் நிலுவைச் சம்பளத்தை இழந்து படையிலிருந்து நீக்கப்பட்டனர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்ந்த பொதுமக்களோ பிரிட்டிஷ் மன்னருக்கு உறுதிமொழி எடுத்தவர் அல்லர். எனவே அவர்கள்மீது படைநீதிமன்ற விசாரணையும் இல்லை, அவர்களுக்கென்று ஓய்வூதியமும் இல்லை, பணிச்சான்றும் இல்லை. இந்திய அரசு 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கி ஐ.என்.ஏ.வினரையும் அதற்குள் கொண்டுவந்தபோது, மலாயாவில் சேர்ந்த பொதுமக்களில் பலர் வேறு நாடுகளின் குடிமக்களாக வாழ்ந்துகொண்டிருந்தனர். ஓய்வூதியப் புத்தகமோ படைப்பிரிவின் ஆண்டுவிழாவோ இல்லாத இவர்களுடைய படை வாழ்வு, மனைவிக்கும் மக்களுக்கும் தெரிந்த அளவிலேயே நிலைத்தது.

மீண்டவர்கள் கற்ற ஒழுங்கு எங்கே சென்றது என்பதற்கு மலாயாவின் வரலாறு ஒரு விடை தருகிறது. கெடா மாநிலத் தோட்டங்களில் 1946–47 காலத்தில் எழுந்த தொண்டர் படை இயக்கத்தில் முன்னாள் ஐ.என்.ஏ. வீரர்களின் செல்வாக்கு இருந்ததை வரலாற்றாய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். அவ்வியக்கத்தின் முதன்மையான வேலை தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்ப்பது. தோட்ட முதலாளிகள் அளித்த கூலியில் ஒரு பங்கு அத்தோட்டத்திலேயே இருந்த கள்ளுக்கடையில் கரைந்து, வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பும் தந்தையே வழக்கமாகிப் போயிருந்த சூழலில், காக்கி உடுத்தி அணிவகுத்துக் கள்ளுக்கடை முன் நின்றவர்கள் கேட்டது வீட்டுக்கு வந்து சேர வேண்டிய கூலியை. இம்பால் மலைகளில் வெல்லாத ஒரு படை, தோல்விக்குப் பின் அடுப்படியின் பொருட்டுப் போராடியது என்பது ஐ.என்.ஏ. பற்றிய பெருநூல்களில் ஓர் அடிக்குறிப்பின் அளவுக்கே இடம்பெறுகிறது. தமிழ்க் குடும்ப வரலாறு எழுதுவோருக்கு அது முதல் அத்தியாயமாக இருக்க வேண்டியது.

படையிலிருந்து மீண்டவரைக் குடும்பம் எப்போதும் மகிழ்ந்து ஏற்றது என்றும் கொள்ளலாகாது. இக்கசப்பைத் தமிழில் நேர்மையாக எழுதியவர் ப. சிங்காரம். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் (1959) பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா, ஐ.என்.ஏ.வில் சேர்ந்து மீண்டபின், முதலாளியின் மகள் மரகதத்தை மணக்க முடியாமற் போகிறான். துப்பாக்கி பிடித்தவன் இனிக் கடைக் கணக்குக்கும் குடும்ப வாழ்வுக்கும் உதவமாட்டான் என்னும் எண்ணமே பெண்ணின் தந்தையைத் தடுக்கிறது. போர்க்களத்தில் காட்டிய துணிவே மாப்பிள்ளை ஆவதற்குத் தடையாகும் இந்த முரண், நடுகல் மரபில் தோன்றவே வழியில்லாதது. ஏனெனில் அக்கல்லுக்கு உரியவன் பெண் கேட்டுத் திரும்பி வருவதில்லை. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ பரவலாகப் பேசப்படும் அளவுக்கு இம்முதல் நாவல் பேசப்படாதது தமிழ்த் திறனாய்வின் சார்பு ஒன்றையும் காட்டிவிடுகிறது: சாகசம் படிக்கப்படுகிறது, சாகசத்துக்குப் பின் வரும் திருமணப் பேச்சு கடந்துபோகப்படுகிறது.

அரசுகள் எழுப்பிய நினைவுச் சின்னங்கள் மாண்டவருக்கு உரியவை. கிராஞ்சிப் போர்க் கல்லறைத் திடலின் சுவர்களில் உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தம் சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட, பெரும்பாலும் இந்தியப் படையினரான ஏறத்தாழ 800 பேருக்கு அங்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு. ஐ.என்.ஏ.வின் மாண்ட வீரருக்கென எஸ்பிளனேடில் சுபாஷ் சந்திர போஸ் 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டிய சின்னத்தை, சில வாரங்களுக்குள் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தை வரலாற்றுத் தலமாகக் குறிக்கும் பலகை 1995-இல்தான் வைக்கப்பட்டது. பீச் ரோட்டில் நான்கு தூண்களாக உயர்ந்து நிற்கும் பொதுமக்கள் போர் நினைவுச் சின்னம், ஜப்பானியர் காலத்தில் கொல்லப்பட்ட எல்லா இனத்தவரையும் ஒருசேர நினைவுகூர்வதற்காக 1967 பிப்ரவரி 15 அன்று திறந்துவைக்கப்பட்டது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, 1967 மார்ச் 14 அன்று நாடாளுமன்றம் தேசிய சேவைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியதும், படைவீரருக்கும் குடும்பத் தலைவருக்கும் இடையே இருந்த கோடு சிங்கப்பூரில் கிட்டத்தட்ட அழிந்தது. அதற்கு முன்பு படை என்பது சிலர் தேர்ந்துகொண்ட தொழிலாக இருந்தது. 1957-இல் தொடங்கப்பெற்ற முதலாவது சிங்கப்பூர்க் காலாட்படைப் பிரிவும், 1962-இல் அமைந்த இரண்டாவது பிரிவும் தாமாக முன்வந்தோரைக் கொண்டவை. இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நடத்திய மோதல் காலத்தில் இவ்விரு பிரிவின் வீரர்களும் சாபாவிலும் ஜோகூரிலும் பணியாற்றினர், 1965 பிப்ரவரியில் கோத்தா திங்கி அருகே நேர்ந்த பதுங்கித் தாக்குதலில் உயிரும் இழந்தனர். விடுதலை பெற்ற நாளில் நாட்டிடம் இருந்த காலாட்படைப் பிரிவுகள் இவ்விரண்டே. பின்னர் 1968-இல் பிரிட்டன் தன் படைகளை முன்கூட்டியே விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. செம்பவாங்கிலும் சிலேத்தாரிலும் தளங்களை நம்பி வாழ்ந்த இந்தியக் குடும்பங்களுக்கு அவ்வறிவிப்பு வேலையும் குடியிருப்பும் சேர்ந்து கைநழுவும் செய்தியாக வந்தது. நாட்டின் பாதுகாப்பு என்னும் பெரிய சொல், அக்குடும்பங்களின் காதில் முதலில் விழுந்தது அடுத்த மாதச் சம்பளம் பற்றிய கேள்வியாகவே.

1949-இன் முதல் ஆறு மாதங்களில் பிறந்த இளையரில் ஏறத்தாழ 900 பேர் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டு 1967 ஆகஸ்ட்டில் படையில் சேர்ந்தனர். 1954-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த தேசிய சேவைச் சட்டம் சீனப் பள்ளி மாணவரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்ததை மறவாத புதிய அரசு, இம்முறை சமூக நிலையங்களில் வழியனுப்பு விருந்துகளை ஏற்பாடு செய்து பெற்றோரையும் அதில் பங்கேற்கச் செய்தது. படைக்கு அனுப்பும் தாயைச் சான்றோர் பாடிய மரபில் வந்த தமிழருக்கு அவ்விருந்துகள் அந்நியமாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் புறநானூற்றுத் தாய் தன் விருப்பத்தால் மகனை அனுப்பினாள், இங்கே அழைத்தது சட்டம். இன்றும் அடிப்படைப் பயிற்சி நடைபெறும் புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகில் உடன் சென்று, மகன் தங்கப்போகும் அறையைப் பார்வையிட்டு, படையின் உணவுக்கூடத்தில் அவனோடு ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் பெற்றோர் திரும்புவது வழக்கமாக இருக்கிறது. ஓர் அரசு தன் படைச் சேர்க்கையில் தாயின் கண்ணுக்கும் தந்தையின் நாவுக்கும் இடம் ஒதுக்கியிருப்பது, படை என்பது வீட்டிலிருந்து கடன் வாங்கிய மனிதரால் ஆனது என்பதை அது உணர்ந்திருப்பதன் அடையாளம்.

முழுநேரச் சேவை இன்று 2 ஆண்டு. அதன்பின் தொடங்கும் தயார்நிலைத் தேசிய சேவையே இவ்வுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. பேச்சுவழக்கில் ரிசர்விஸ்ட் என்று இன்றும் குறிக்கப்படும் அச்சேவையில், வேலைக்குச் சேர்ந்து மணமும் முடித்துவிட்ட ஒருவர் ஆண்டுக்கு 40 நாள்வரை முகாமுக்குத் திரும்பக் கடமைப்பட்டவர். அதிகாரிகளுக்கு 50 வயது வரையிலும் பிறருக்கு 40 வயது வரையிலும் இக்கடப்பாடு நீள்கிறது. ஐபிபிடி எனப்படும் உடல்தகுதித் தேர்வுக்காகப் பணி முடிந்த மாலையில் புளோக்கைச் சுற்றி ஓடும் தந்தையர், ஆங் மோ கியோவின் நடைபாதைகளில் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளும் முகாம் பயிற்சி நாளும் ஒன்றாக வரும்போது குடும்பத்துக்குள் நடக்கும் ஏற்பாடுகள், மாமியார் வந்து தங்குவது, மனைவி விடுப்பு எடுப்பது, அண்டை வீட்டார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது ஆகிய அனைத்தும் நாட்டின் தற்காப்புக்குள் அடங்கும். அரசு, சேவையாளரின் வருமான இழப்பை ஈடுசெய்கிறது. மாமியாரின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 1967 முதல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இச்சேவையில் இருந்துள்ளனர் எனில், அவர்களுடைய இல்லங்களும் அச்சேவையைச் சுமந்தன என்று கொள்வதே பொருந்தும்.

படையும் குடும்பமும் ஒரே வாழ்வில் எவ்வாறு பிணைந்திருக்கும் என்பதற்குச் சிங்கப்பூர்த் தமிழரில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சீருடை அணிந்த படைவீரராக இல்லாத ஒருவரிடம் கிடைக்கிறது. 1924-இல் பிறந்த எஸ்.ஆர். நாதன், 1971 முதல் 1979 வரை தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவுக்கு இயக்குநராக இருந்தார். 1974 ஜனவரி 31 அன்று ஜப்பானியச் செம்படையையும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியையும் சேர்ந்த நால்வர், புலாவ் புக்கோமில் இருந்த ஷெல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கி, லாஜு என்னும் படகில் பிணையாளிகளைப் பிடித்துவைத்தனர். பல நாள் பேச்சுக்குப் பின், பிணையாளிகளை விடுவிப்பதற்கு ஈடாக, நாதன் தலைமையில் 13 அதிகாரிகள் தாமே உத்தரவாதமாக அந்நால்வரோடு குவைத்துக்கு விமானம் ஏறினர். அப்போது நாதனுக்கு 49 வயது. நெடுநாள் காத்திருந்து 1958-இல் கைப்பிடித்த மனைவி ஊர்மிளாவும் ஒரு மகளும் ஒரு மகனும் வீட்டில் இருந்தனர். குவைத்தில் என்ன நடக்கும் என்பதற்கு யாரிடமும் உறுதி இல்லாத நிலையில் புறப்பட்ட அவரைப் பொதுமக்கள் நினைவு துணிச்சலான அதிகாரி என்றே பதிவு செய்துள்ளது. அன்றிரவை வீட்டில் கழித்தவரின் துணிச்சலுக்குத் தனிப் பதக்கம் எதுவும் இருக்கவில்லை.

1999 முதல் 2011 வரை அதிபராக இருந்த நாதன் 2016 ஆகஸ்ட் 22 அன்று மறைந்தபோது, அரசு மரியாதையின்படி அவர் உடல் பீரங்கி வண்டியில் எடுத்துச் செல்லப்பட்டது; இறுதிச் சடங்கு மண்டபத்தில் ஒலித்ததோ, அவர் விரும்பிக் கேட்டு வந்த ‘பொற்காலம்’ படத்தின் ‘தஞ்சாவூரு மண்ணு எடுத்து’ என்னும் பாடல். பல ஊர் மண்ணைக் குழைத்துப் பொம்மை செய்வதைப் பற்றிய அப்பாடல், பல இனச் சிங்கப்பூருக்குப் பொருந்துவதாக அன்று பலராலும் விளக்கப்பட்டது. அவ்விளக்கம் சரியானதே, ஆயினும் பீரங்கி வண்டியும் திரைப்பாடலும் ஒரே நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றதில் இன்னொரு செய்தியும் உண்டு. மறைந்தவரின் அரசுப் பணிக்கு ஓர் அடையாளமும், வீட்டில் வானொலியோடு சேர்ந்து முணுமுணுத்த மனிதருக்கு மற்றோர் அடையாளமும் தரப்பட்டு, இரண்டும் ஒன்றையொன்று மறைக்காமல் நின்றன. அத்தகைய ஏற்பாடு அதிபருக்கு வாய்த்தது. ஏழாவது மாடியில் வாழ்ந்து மறைந்த முன்னாள் சார்ஜண்ட் ஒருவருக்கு அதை யார் செய்வது என்பது விடை தேட வேண்டிய வினாவாகவே இருக்கிறது.

அவ்வினாவுக்குச் சிங்கப்பூரிலேயே கருவிகள் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இல் தொடங்கப்பெற்று, 1981 முதல் ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய நேர்காணல்களைப் பதிவு செய்து வந்துள்ளது. வாய்மொழி வரலாறு என்பது, நிகழ்வில் பங்கேற்றவரைப் பேசவைத்து, அப்பேச்சைக் குறுக்கு வினாக்களால் சோதித்து, ஆவணமாகச் சேமிக்கும் முறையாகும். போர்க்காலத்தைப் பற்றிக் கேட்கப்படும் வினாக்கள் இயல்பாகவே 1945-இல் முடிந்துவிடுவதுண்டு: எந்த முகாம், எந்தத் தளபதி, என்ன உணவு, எப்போது சரணடைதல். திரும்பி வந்த முதல் மாதத்தில் வீட்டில் அரிசி எங்கிருந்து வந்தது, பெண் பார்க்கப் போன இடத்தில் படையில் இருந்ததைச் சொன்னாரா மறைத்தாரா, இரவில் உறக்கம் எப்படி இருந்தது, பிள்ளைகளை எழுப்பும் நேரத்தில் படைப் பழக்கம் தென்பட்டதா, பிற்காலத்தில் தம் மகனைத் தேசிய சேவைக்கு அனுப்பியபோது என்ன சொல்லி அனுப்பினார் என்பன போன்ற வினாக்களே முல்லைத் திணை நிறுத்திய வாசலைத் தாண்டி உள்ளே செல்லக் கூடியவை.

ஐ.என்.ஏ. தலைமுறையிடம் இவற்றைக் கேட்கும் காலம் ஏறத்தாழக் கடந்துவிட்டது. அப்படையின் ஜான்சி ராணிப் பிரிவில் இருந்து, பின்னர் மலேசிய இந்தியர் காங்கிரசின் தொடக்கக் காலத்தவராகவும் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் விளங்கிய ஜானகி ஆதி நாகப்பன் 2014-இல் மறைந்தார். 1967-இன் முதல் அணியினரோ எழுபத்தைந்து வயதைக் கடந்து, ஆங் மோ கியோ போன்ற நகர்களில் பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்து வருகின்றனர். அவர்களிடம் கேட்பதற்கு இன்னும் காலம் உண்டு. அவர்களுடைய நினைவுகளைப் பதிய முன்வரும் நூலகங்களும் சமூக மன்றங்களும் மனைவியரின் கூற்றைக் கணவர் உடனில்லாத தனி அமர்வில், அவரவர் வீட்டில் பேசும் தமிழிலேயே பதிவு செய்வது நல்லது. கணவரும் மனைவியும் சேர்ந்து அமரும் பதிவுகளில் படைக்கதையைச் சொல்பவர் கணவராகவும், தேநீர் கொண்டுவருபவர் மனைவியாகவும் அமைந்துவிடுவதே வழக்கம்.